டெங்குவில் யாருக்கு ரத்தக்குழாய் கசிகிறது? மரபணுவின் பங்கு எவ்வளவு? – விவாத இழை

#1 · தாமரைக்குளம்

ஒரே வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாரத்தில் காய்ச்சல். அண்ணனுக்கு நான்கு நாளில் விட்டுவிடுகிறது. தங்கைக்கோ ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும்போது வயிற்றில் நீர் கோத்து, நாடி நூலாகி, ஐசியூ வரை போகிறது. "இரண்டாம் முறை வந்தால்தான் ஆபத்து" என்பது பாதி விடைதான். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்களே.

மீதிப் பாதியில் மரபணு எவ்வளவு? "இந்த மரபணு இருப்பவருக்கு டெங்கு வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எந்தெந்த மரபணு மாற்றங்களுக்கு உறுதியான சான்று உண்டு, எவை சிறிய ஆய்வுகளில் மட்டும் தெரிந்து மறைந்தவை, உமிழ்நீரை அனுப்பிச் சோதித்தால் பயன் உண்டா? ஆய்வு, சிகிச்சை என இந்தத் துறையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

#2 · செங்குருதி

"டெங்கு வருமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை குழம்பும். நான்கு படிகளாகப் பிரியுங்கள்: கொசு கடிப்பது, வைரஸ் உடலில் பெருகுவது, காய்ச்சலாக வெளிப்படுவது, ரத்தக்குழாய் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் வேறு வேறு மரபணுக்கள் வேலை செய்கின்றன. முதல் படியில் காப்பது நான்காம் படியில் கெடுக்கவும் கூடும்.

முதல் படிக்கு இரட்டையர் ஆய்வு உண்டு. 2015இல் வெளியான ஆய்வில் 18 ஜோடி ஒத்த இரட்டையர், 19 ஜோடி ஒவ்வா இரட்டையர் (எல்லாரும் பெண்கள்) கை வாசனையை ஏடிஸ் எஜிப்தி கொசுக்களுக்குக் காட்டினார்கள். ஒத்த இரட்டையர் இருவரையும் கொசு ஏறக்குறைய ஒரே அளவில் நாடியது. ஒவ்வா இரட்டையரிடம் அந்த ஒற்றுமை குறைந்தது. ஆகவே உடல் வாசனையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் வீட்டருகே டயரில் தேங்கிய தண்ணீர் இருந்தால் வாசனை வேறுபாடு பெரிய காப்பாக இருக்காது.

மூன்றாம் படி பெரியது. 2013இல் வெளிவந்த உலகக் கணக்கீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 39 கோடித் தொற்றுகள், அதில் 9.6 கோடி மட்டுமே நோயாக வெளிப்படுகின்றன. மற்றவர்கள் தொற்று வந்துபோனதே தெரியாமல் இருக்கிறார்கள். ஆய்வு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் நடப்பதால் இந்தப் பெருங்கூட்டம் கணக்கிலேயே வராது. இந்த இழையில் வரும் எந்த எண்ணைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள்.

நான்காம் படிதான் உயிர் போகும் படி. மிக வலுவான மரபணுச் சான்றும் அங்கேதான் இருக்கிறது, அதுவும் வியட்நாமிலிருந்து. 2011இல் ஹோ சி மின் நகர ஆய்வாளர்களும் சிங்கப்பூர் மரபணுத்தொகை நிறுவனமும் சேர்ந்து, டெங்கு அதிர்ச்சி நிலைக்குப் போன 2,008 குழந்தைகளையும் ஒப்பீட்டுக்கு 2,018 பேரையும் எடுத்து மரபணுத்தொகை முழுவதும் தேடினார்கள். கிடைத்ததை வேறு 1,737 நோயாளிகள், 2,934 ஒப்பீட்டாளர்களிடம் மறுபடி சோதித்தார்கள். இரண்டு இடங்கள் தேறின. 6ஆம் குரோமோசோமில் எம்ஐசிபி, 10ஆம் குரோமோசோமில் பிஎல்சிஇ1. முதலாவதன் ஆட்ஸ் விகிதம் (அந்த மரபணு மாற்றம் இருந்தால் நோய் வாய்ப்பு எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு) 1.34, அதாவது கூட்டுகிறது. இரண்டாவது 0.80, குறைக்கிறது.

#3 · தாமரைக்குளம்

அந்த இரண்டு மரபணுக்களும் உடலில் என்ன செய்கின்றன?

#4 · செங்குருதி

எம்ஐசிபி என்பது தொற்று கண்ட உயிரணு தன் மேற்பரப்பில் ஏற்றும் ஆபத்துக் கொடி. நோயெதிர்ப்பு அணுக்களான இயற்கைக் கொல்லி அணுக்களும் சிடி8 டி அணுக்களும் தங்களிடமுள்ள என்கேஜி2டி என்ற ஏற்பியால் அந்தக் கொடியைப் பார்த்து அந்த அணுவை அழிக்கின்றன. கொடி சரியாக ஏறாவிட்டால் ஆரம்ப நாட்களில் வைரஸ் கூடுதலாகப் பெருகும்; பின்னால் வரும் எதிர்வினையும் அதற்கேற்பப் பெரிதாகும். ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது.

பிஎல்சிஇ1 எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அது நோயெதிர்ப்பு மரபணுவே அல்ல. அதன் இரு பிரதிகளும் பழுதானால் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வருகிறது. சிறுநீரக வடிகட்டியின் சல்லடை கெட்டு அல்புமின் சிறுநீரில் போய்விடும். டெங்கு அதிர்ச்சி நிலையிலும் நடப்பது புரதம் கசிவதுதான், ஆனால் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக. எந்த முன்முடிவும் இல்லாமல் மரபணுத்தொகை முழுவதும் தேடியபோது, தடுப்புச் சுவரோடு தொடர்புடைய ஒரு மரபணு கையில் வந்து நிற்கிறது. வைரஸை எப்படிக் கொல்கிறோம் என்பதோடு, சுவர் எவ்வளவு தாங்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

#5 · எண்கணக்கு

இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, 1.34 என்பதை "34 சதவீதம் ஆபத்து" என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. தவறு. ஓர் உதாரணக் கணக்கு: டெங்குவோடு சேர்க்கப்பட்ட ஆயிரம் குழந்தைகளில் 20 பேர் அதிர்ச்சி நிலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஆபத்து எழுத்து (ஆபத்தைக் கூட்டும் டிஎன்ஏ எழுத்து) ஒன்று உள்ளவர்களில் அது சுமார் 27 ஆகும். மீதி 973 பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து எழுத்து இல்லாதவர்களிலும் 20 பேர் போகத்தான் செய்கிறார்கள். வார்டில் நிற்கும் மருத்துவர் இதை வைத்து யாரை வீட்டுக்கு அனுப்புவார்?

இரண்டு, எம்ஐசிபியின் இருப்பிடம். அது எச்எல்ஏ-பி என்ற நோயெதிர்ப்பு மரபணுவுக்கு அருகே இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் மரபணுவும் அதே தெரு. அந்தப் பகுதி முழுவதும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்கட்டாக இறங்கும். ஆர்எஸ்3132468 என்ற அந்த ஓர் எழுத்து உண்மைக் காரணமாக இருக்கலாம். அதோடு கட்டிக்கொண்டு வரும் வேறொன்றின் அடையாளமாகவும் இருக்கலாம். "எம்ஐசிபிதான் காரணம்" என்பதைவிட "எம்ஐசிபி இருக்கும் பகுதி" என்று எழுதுவதே சரி.

#6 · செங்குருதி

@எண்கணக்கு, இரண்டாவதை அப்படியே ஏற்கிறேன். முதலாவதிலும் நோயாளியைத் தனித்தனியாகப் பிரிக்க அந்த எண் உதவாது என்பது சரி. மருந்துக்கான இலக்கைக் காட்டுவதுதான் இந்த ஆய்வின் மதிப்பு. சிறிய ஆட்ஸ் விகிதம் அதற்குத் தடை இல்லை.

2013இல் அதே வியட்நாம் குழுவினர் அதிர்ச்சி நிலைக்குப் போகாத சாதாரண டெங்கு நோயாளிகளிடமும் இவ்விரு இடங்களைச் சோதித்தார்கள். அங்கும் அதே திசை, ஆனால் விளைவு இன்னும் சிறியது. ஆகவே இவை அதிர்ச்சி நிலைக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

#7 · கடல்நீரேரி

இலங்கைப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எச்எல்ஏ பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமை பெறாது. தாய்லாந்தில் 1981இலேயே எச்எல்ஏ வகைக்கும் டெங்குவுக்கும் தொடர்பு பார்த்திருக்கிறார்கள். வைரஸின் சிறு துண்டுகளை டி கலங்களுக்கு (மேலே சொன்ன டி அணுக்களுக்கு) தூக்கிக் காட்டும் தட்டு எச்எல்ஏ. எந்தத் துண்டைக் காட்டும், எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பது தட்டின் வடிவத்தில் தங்கியிருக்கு.

2013இல் வெளிவந்த பெரிய ஆய்வுக்கான குருதி கொழும்பில் சேகரிக்கப்பட்டது. நுளம்பு (கொசு) எல்லா வீட்டுக்கும் வரும் நகரம் என்பதால் குருதிக் கொடையாளர்களிலேயே முன்பு டெங்கு வந்து போனவர்கள் நிறையப்பேர். சுமார் 250 கொடையாளர்களின் சிடி8 டி கலங்கள் வைரஸின் எந்தத் துண்டுகளுக்கு எவ்வளவு பலமாகப் பதிலளிக்கின்றன என்று வகை வகையாக அளந்தார்கள். சில எச்எல்ஏ வகைகளோடு பலமான, பல்தொழில் செய்யும் பதில் கிடைத்தது. பி*35:01 அதில் ஒன்று. பலவீனமான பதில் தரும் வகைகள்தான் கடும் நோயோடு சேர்ந்து வருபவை என்ற போக்கும் தெரிந்தது.

அதுவரைக்கும் பரவலாக இருந்த எண்ணம் என்ன? முதல் தொற்றில் உருவான டி கலங்கள் இரண்டாம் தொற்றில் தப்பாக எழும்பி, சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் புரதங்களைக் கொட்டி, நோயைக் கூட்டுகின்றன என்பது. கொழும்புக் குருதி காட்டியது எதிர்த்திசை: பலமான டி கலப் பதில் காப்பாற்றுது. தடுப்பூசி வடிவமைப்பவர்களுக்கு இது பெரிய செய்தி.

இன்னொன்று, ஆய்வுகூடத்தில் இருக்கிறவர்களுக்கு. தாய்லாந்தில் 2002இல் வந்த ஆய்வில் ஏ*02:03 சாதாரண காய்ச்சலோடும், ஏ*02:07 இரண்டாம் தொற்றில் கடும் நோயோடும் சேர்ந்து வந்தன. பழைய முறையில் இரண்டுக்கும் பெயர் "ஏ2"தான். நான்கு இலக்கம் வரைக்கும் வகைப்படுத்தாமல் "ஏ2"இலேயே நிறுத்தினால் காப்பதும் கெடுப்பதும் ஒரே கூடையில் விழுந்து, "தொடர்பில்லை" என்று முடிவு வரும்.

#8 · எண்கணக்கு

@கடல்நீரேரி, இந்தக் கடைசிப் பத்தியை ஆய்வு தொடங்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

#9 · மண்வெட்டி

கியூபாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே இயற்கையே ஆய்வு நடத்திக் கொடுத்தது. 1977இல் டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் ஒன்றான டெங்கு-1 தீவு முழுவதும் பரவியது. 1981இல் டெங்கு-2 வந்தது. மொத்தம் 3,44,203 நோயாளிகள், கடும் நிலை 10,312, இறப்பு 158. அதில் 101 குழந்தைகள். ஒரே தீவு, ஒரே வைரஸ், முன்தொற்று எது, எந்த ஆண்டு என்பதும் தெளிவு.

கூரி, குஸ்மான் உள்ளிட்ட கியூப ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட கணக்கில், ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட வெள்ளையர்களிடம் கடும் டெங்கு தெளிவாகக் கூடுதல். ஆஸ்துமா, சர்க்கரை நோய், அரிவாள் அணுச் சோகை இருந்தவர்களிடமும் கூடுதல். கடைசியானதைக் கவனியுங்கள்: அரிவாள் அணு மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவில் காக்கும், இரு பிரதியாகிச் சோகையானால் டெங்குவில் கைவிடும்.

ஹைட்டியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001இல் ஹால்ஸ்டெட் குழு வெளியிட்டது: போர்ட்-ஒ-பிரின்ஸ் பள்ளிக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரண்டோ அதற்கு மேலோ டெங்கு வகைகளுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. இரண்டாம் தொற்று அங்கே அன்றாட விஷயம். ஆனால் கடும் டெங்கு தென்படவில்லை.

#10 · எண்கணக்கு

ஹைட்டியைச் சான்றாக வைப்பதில் எனக்குத் தயக்கம். மருத்துவமனையே எட்டாத ஊரில் "கடும் நோய் இல்லை" என்பது "பதிவாகவில்லை" என்பதாகவும் இருக்கலாம். வைரஸின் வம்சமும் மாறும். பெருவின் இகிடோஸ் நகரில் 1995இல் அமெரிக்க வம்ச டெங்கு-2 வந்தபோது ஏராளமானோருக்கு அது இரண்டாம் தொற்று. அப்படியும் கடும் நோய் வரவில்லை. அங்கே காரணம் மனித மரபணு அல்ல, வைரஸ். இரண்டு நாடுகளை ஒப்பிட்டு மரபணுவைக் காரணமாக்குவது ஆபத்தான வேலை.

தோல் நிறத்தைப் பார்த்துப் பிரித்ததும் சிக்கல்தான். நிறத்தோடு வருமானம், வீடு, மருத்துவமனைக்குப் போகும் வழக்கம் எல்லாமே ஒட்டிக்கொண்டு வரும்.

#11 · மண்வெட்டி

ஹைட்டி பற்றிய மறுப்பை ஏற்கிறேன். கியூபாவில் வைரஸும் ஆண்டும் ஒன்று, எல்லாருக்கும் ஒரே பொது மருத்துவ அமைப்பு. அங்கே அந்த மறுப்பு அவ்வளவு ஒட்டாது. நிறத்தை விட்டுவிட்டு டிஎன்ஏவிலிருந்தே வம்சாவளியைக் கணக்கிட்ட ஆய்வுகளும் வந்துவிட்டன. 2008இல் பிரேசிலின் சால்வடார் நகரில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பங்கு கூடக்கூடக் கடும் டெங்கு குறைந்தது. வருமானத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். அதற்கும் தனித் தொடர்பு இருந்தது.

2017இல் கியூபர்களிடம் இன்னும் நுட்பமாகப் போனார்கள். கலப்பு வம்சாவளியினரின் ஒவ்வொரு குரோமோசோம் துண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, ஐரோப்பாவிலிருந்து வந்ததா என்று பிரித்து, காப்புத் தரும் துண்டுகளைத் தேடினார்கள். அகப்பட்டவை ஓஎஸ்பிபிஎல்10, ஆர்எக்ஸ்ஆர்ஏ. இரண்டும் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடையவை. ஆய்வகத்தில் அணுக்களில் ஓஎஸ்பிபிஎல்10ஐ அடக்கியபோது டெங்கு-2 பெருக்கம் குறைந்தது. டெங்கு வைரஸ் தன்னைப் படியெடுக்க அணுவின் கொழுப்பையும் சவ்வையும் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கையிருப்பு சிலரிடம் இயல்பிலேயே குறைவாக இருக்கலாம். புள்ளிவிவரத்தோடு நிற்காமல் அணுவுக்குள்ளும் சரிபார்த்ததால் இந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

#12 · கறிவேப்பிலை

முதுகலை ஆய்வுக்குத் திட்டமிடுகிறேன். 100 டெங்கு நோயாளிகள், 100 ஆரோக்கியமானவர்கள். சிடி209 மரபணுவின் -336, எஃப்சிஜிஆர்2ஏ மரபணுவின் 131 ஆகிய இரண்டு இடங்களையும் பிசிஆர் செய்து நொதியால் வெட்டிப் பார்க்கலாம் என்று எண்ணம். சரிவருமா?

#13 · எண்கணக்கு

தேர்வு சரி. எண்ணிக்கை சரியில்லை. கணக்கைப் பாருங்கள்.

ஆபத்து எழுத்து ஒப்பீட்டுக் குழுவில் 15 சதவீதம் என்று கொள்வோம். ஆட்ஸ் விகிதம் 1.34 என்றால் நோயாளிகளில் அது சுமார் 19 சதவீதம். இந்த 4 சதவீத இடைவெளியை 100–100 பேரில் பிடிப்பதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்குச் சுமார் 650 பேர் வேண்டும், அதுவும் ஒரே ஓர் எழுத்தை மட்டும் சோதித்தால். மரபணுத்தொகை முழுவதும் தேடி, தற்செயல் அல்ல என்று ஏற்க வைத்திருக்கும் 5×10⁻⁸ என்ற வரம்பைத் தாண்ட வேண்டுமானால் குழுவுக்குச் சுமார் 3,300 பேர்.

இன்னொரு கண்ணி உண்டு. 100 பேரில் தற்செயலாக வரம்பைத் தாண்டி ஒரு முடிவு வந்தால் அதன் ஆட்ஸ் விகிதம் 2, 3 என்று ஊதிப்போய்த்தான் வரும். அதை அச்சிடுவார்கள், அடுத்தவர் செய்யும்போது காணாமல் போகும். டிஎன்எஃப் -308 பற்றி ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒவ்வொரு விதமாக முடிவு வந்ததைப் புரிந்துகொள்ள இதுவே போதும்.

தனியாகச் செய்யாதீர்கள். நான்கைந்து கல்லூரிகள் ஒரே படிவம், ஒரே நோய் வரையறையோடு சேர்ந்தால் எண்ணிக்கை எட்டும்.

#14 · செங்குருதி

@கறிவேப்பிலை, கள வேலையில் தவறும் இடங்களைச் சொல்கிறேன்.

நோய் வரையறை: "டெங்கு நோயாளி" என்று ஒரே குவியலாக எடுக்காதீர்கள். சிடி209 -336 இதற்கு நல்ல பாடம். அந்த எழுத்து ஜி ஆனால் டிசி-சைன் என்ற வாசல் புரதத்தின் உற்பத்தி மாறுகிறது. தாய்லாந்தில் 2005இல் ஜி எழுத்து சாதாரண டெங்கு காய்ச்சலிலிருந்து வலுவாகக் காத்தது. ரத்தக்கசிவு டெங்குவில் அந்தக் காப்பு இல்லை. தைவானில் 2011இல் ஏஜி வகையினரிடம் ரத்தக்கசிவு டெங்கு கூடுதல். லேசானதையும் கடுமையானதையும் கலந்தால் எதுவும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1997 வரையறையா 2009 வரையறையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1997 என்றால் தட்டணு ஒரு லட்சமோ அதற்குக் கீழோ, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 20 சதவீதம் ஏற்றம் அல்லது நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் என்று ஒவ்வொன்றும் தாளில் பதிவாக வேண்டும். தேறிய பிறகு எடுத்த பிசிவி இல்லாமல் 20 சதவீத ஏற்றத்தை உறுதிசெய்ய முடியாது. டிஸ்சார்ஜ் நாளன்று ஒன்று எடுத்துவிடுங்கள்.

முதல் தொற்றா இரண்டாம் தொற்றா: எஃப்சிஜிஆர்2ஏவுக்கு இது இல்லாமல் பொருளே இல்லை. பழைய எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸை அணு உள்ளிழுக்கும் கைப்பிடி அது. 131ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் ஹிஸ்டிடினா ஆர்ஜினினா என்பதைப் பொறுத்துப் பிடி மாறும். வியட்நாமில் 2002இல் இரண்டும் ஆர்ஜினினாக இருந்தவர்களிடம் கடும் நோய் குறைவு. கியூபாவில் இரண்டும் ஹிஸ்டிடினாக இருந்தவர்களிடம் கூடுதல். இரு நாட்டுக் கணக்கும் ஒரே திசையில் நிற்கும் அரிய இடம் இது. நிகராகுவாவில் 2017இல் காட்டியபடி, பழைய எதிர்ப்பொருள் 1:21 முதல் 1:80 வரையான நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. அதற்கு மேல் போனால் காக்கிறது. பழைய எதிர்ப்பொருளே இல்லாத முதல் தொற்றுக்காரரிடம் இந்தக் கைப்பிடிக்கு என்ன வேலை? என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தை மட்டும் பார்த்துச் சேர்க்காமல் ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரு வகை எதிர்ப்பொருளையும் அளவோடு எடுத்துப் பிரியுங்கள்.

ரத்தம்: ஈடிடிஏ குழாயில் 2 மில்லி. ஹெப்பாரின் குழாய் வேண்டாம், பிசிஆரைத் தடுக்கும். டெங்குவில் வெள்ளணு 2,000–3,000 வரை இறங்குவதால், வழக்கமாக 200 மைக்ரோலிட்டரில் கிடைக்கும் டிஎன்ஏவில் பாதிகூடத் தேறாமல் போகலாம். 400 மைக்ரோலிட்டர் எடுங்கள், அல்லது தேறியபின் எடுங்கள். ரத்தமோ தட்டணுவோ ஏற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஏற்றியபின் எடுத்தால் கொடையாளரின் வெள்ளணுக்கள் கலந்து தவறான மரபணு வகையைக் காட்டலாம்.

எஃப்சிஜிஆர்2ஏ பிரைமர் (பிசிஆரில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு): பக்கத்திலேயே எஃப்சிஜிஆர்2சி, 2பி என்று ஏறக்குறைய அச்சு அசலான மரபணுக்கள் இருக்கின்றன. பிரைமர் அவற்றிலும் ஒட்டினால் எல்லாரும் கலப்பு வகையாகத் தெரிவார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஹார்டி-வைன்பெர்க் கணக்கு (மரபணு வகைகள் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது) உடைந்தால் முதலில் பிரைமரைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்து மாதிரியையாவது சாங்கர் முறையில் வாசித்து உறுதிசெய்த பிறகே மீதியைத் தொடுங்கள்.

#15 · மண்வெட்டி

ஒப்பீட்டுக் குழு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சாதிக்குள்ளேயே, பல இடங்களில் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் நீண்டது. ஒவ்வொரு சமூகத்திலும் எழுத்துகளின் விகிதம் வேறு. நோயாளிகள் பெரும்பாலும் ஒரு பகுதி மக்கள், ஒப்பீட்டாளர்கள் கல்லூரி மாணவர்கள் என்று எடுத்தால் நீங்கள் அளப்பது டெங்குவை அல்ல, சமூக வேறுபாட்டை. ஒரே ஊர், ஒரே சமூகப் பின்னணி என்று ஜோடி சேர்த்து எடுங்கள். சிறந்த ஒப்பீடு, அதே மருத்துவமனையில் டெங்கு உறுதியாகி, கசிவு இல்லாமல் தேறியவர்கள்.

#16 · தாமரைக்குளம்

என் மூன்றாவது கேள்வி மட்டும் நிற்கிறது. உமிழ்நீர் பரிசோதனை?

#17 · செங்குருதி

வேண்டாம். எம்ஐசிபி, பிஎல்சிஇ1 இரண்டும் நல்ல வகையாகவே வந்தாலும் காய்ச்சல் இறங்கும் 24 முதல் 48 மணி நேரத்தில் பிசிவி பார்ப்பதை நிறுத்த முடியாது. கெட்ட வகையாக வந்தாலும் அதே பிசிவி, அதே அளவு திரவம்தான். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்தல், கைகால் சில்லிடல், சிறுநீர் குறைதல்: இவற்றில் ஒன்று வந்தாலே மருத்துவமனை. அந்தக் காசுக்கு வீட்டுத் தொட்டிகளுக்கு மூடி வாங்கலாம்.

#18 · கறிவேப்பிலை

குழந்தைகளையும் சேர்க்க நினைக்கிறேன். ஒரு வயதுக்குக் கீழ் எடுக்கலாமா?

#19 · கடல்நீரேரி

எடுங்கோ, ஆனால் தனிக் குழுவாக. ஆறு முதல் ஒன்பது மாதக் கைக்குழந்தைக்கு அது முதல் தொற்றாகவே இருக்கும். ஆனாலும் தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி (எதிர்ப்பொருள்) காக்கும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறதால், பெரியவர்களின் இரண்டாம் தொற்று மாதிரியே நடக்கும். வியட்நாமில் எம்ஐசிபி தொடர்பு கைக்குழந்தைகளிலும் தெரிந்தது. தாயின் குருதியையும் 2 மில்லி எடுத்து வையுங்கோ. பிறபொருளெதிரி தாயினுடையது, அதைப் பிடிக்கிற எஃப்சி ஏற்பி பிள்ளையினுடையது; இரண்டு பேரின் மரபணு வகையும் தெரிந்தால்தான் அந்தக் கணக்கைப் பிரிக்க ஏலும்.